தாடி வைத்த என் முகம்

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் ரோமப் பேரரசை ஆண்டது அதுதான்.

பெரிய மூக்கு. நடுவில் ஒரு மேடு, அங்கிருந்து நேரே கீழே ஒரு சரிவு, இடது நாசியோரம் ஒரு மரு. என்னைச் சந்தையில் வாங்கிய முதலாளி எனக்குக் கல்லிஸ்டே என்று பெயர் வைத்தார். பேரழகி என்று அர்த்தம். குசும்பு பிடித்த மனிதர். சாகும்போது எனக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டுப் போனார், அதனால் மன்னித்துவிட்டேன்.

ரோமில் கேலியன் குன்றின் அடிவாரத்தில், நாணயச்சாலை வாசலுக்கு எதிரே கொண்டைக்கடலை வறுத்து விற்கிறேன். உள்ளே என் வீட்டுக்காரர் ஹெர்மெரோஸ் காசு அடிக்கும் இரும்பு அச்சு வெட்டுகிறார். அவர் இன்னும் அரண்மனை அடிமைதான். எந்தப் பேரரசர் வந்தாலும் நாற்காலியோடும் விளக்கோடும் சேர்த்து அவரும் அவர்களுக்குச் சொந்தம். இந்தக் கதை நடப்பதற்கு முன்பே எட்டு வருடத்தில் ஏழு பேருக்குச் சொந்தமாக இருந்துவிட்டார். ஏழு பேரின் முகத்தையும் இரும்பில் வெட்டியிருக்கிறார், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. படையிலிருந்து புதுப் பேரரசரின் முகத்தை எழுதி மாலை சூட்டிய உருவப்பலகை ஒன்று வண்டியில் வரும், அதைப் பார்த்து வெட்டுவார். பலகை வந்து சேர்வதற்குள் காசு வேண்டுமென்றால் பழைய பேரரசரின் முகத்தையே வைத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள். அது நாணயச்சாலை வழக்கம். யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் அப்போதைய பேரரசர் அப்ரோனியஸைக் காவல்படைக்காரர்களே வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் குத்திப் போட்டார்கள். வடக்கே ஆற்றங்கரைப் படை விபுலேனஸ் என்றொருவரைப் பேரரசராகத் தூக்கி நிறுத்தியது. புதுப் பேரரசர் என்றால் காவல்படைக்கு அன்பளிப்புக் காசு கொடுத்தாக வேண்டும். பட்டறைத் தலைவர் ஸ்தாக்கிஸ் வழக்கம்போல அப்ரோனியஸின் முகத்தில் விபுலேனஸின் பெயரைப் போடச் சொன்னார். அதைக் கேட்டுக் காவல்படை அதிகாரி ஒருவன் வாளோடு வந்து நின்றான். அவன் கத்தியது என் கடை வரைக்கும் கேட்டது.

"அந்த மூஞ்சியத்தான்யா நாங்களே தண்ணியில வெச்சுக் குத்திக் கொன்னோம்! அதையே திரும்ப எங்க கையில குடுக்கிறியா? பாதிப் பேரு ராத்திரி கனாக் கண்டு அலர்றானுங்க."

"உருவப்பலகை இன்னும் வரலீங்களே, ஐயா. மலைப்பாதையில பனியாம்," என்றார் ஸ்தாக்கிஸ்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள புது மூஞ்சி வேணும்."

"சரிங்க. புது ராஜா எப்படி இருப்பாருன்னு நீங்களாவது சொல்லுங்களேன்."

அதிகாரி கொஞ்சம் யோசித்தான். "கம்பீரமா இருப்பாரு," என்றான். பிறகு, "தாடி இருக்கும்னு நினைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மதியம் ஹெர்மெரோஸ் வாசலுக்கு வந்து என் அடுப்புக்கு இடப்பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பருப்புக் கூழை ஊற்றி வைத்தேன். தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூழ் ஆறியது, மேலே ஆடை கட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், இதுக்கா நான் காலையிலேர்ந்து புகையில வெந்துட்டிருக்கேன்? திங்கிறியா, இல்ல நாய்க்கு ஊத்தவா?"

"திரும்பாத," என்றார்.

"என்னது?"

"அப்படியே இருடி. திட்டு, பரவாயில்ல. தலைய மட்டும் திருப்பாத."

இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் சொன்னதைக் கேட்டு நானும் தலையைத் திருப்பாமல், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். எழுந்து உள்ளே ஓடிவிட்டார். கூழை நாய்க்குத்தான் ஊற்றினேன்.

நான்கு நாள் கழித்துக் காவல்படைக்காரன் ஒருவன் கடலை வாங்கிக்கொண்டு புதுக் காசு ஒன்றை நீட்டினான். வெள்ளிக்காசு என்று பெயர், விரலால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் செம்பு பல்லை இளிக்கும். அதன் மேல் நான் இருந்தேன். தலையைச் சுற்றிச் சூரியக் கதிர்க் கிரீடம் முள் முள்ளாக நின்றது. தாடையில் சுருட்டைத் தாடி. நடுவில் என் மூக்கு. மூக்கோரத்தில் ஊசிமுனை அளவுக்கு மரு.

அவர் வாசலுக்கு வந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? தாடி வேற!"

"தாடி வெக்கலேன்னா நீன்னு தெரிஞ்சிடும்ல," என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்ததுபோல.

"ஊர்ல வேற மூக்கே கெடைக்கலியா?"

"கம்பீரமா வேணும்னாங்க. எனக்குத் தெரிஞ்ச கம்பீரம் இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"மரு எதுக்கு?"

"அது இருந்துச்சே," என்றார். இந்த மனிதரிடம் உள்ள கோளாறே அதுதான். கண்ணால் பார்த்த ஒன்றை விட்டுவிட்டு வெட்ட அவருக்கு வராது.

கோபம்தான். ஆனால் அந்தக் காசை நான் கல்லாவில் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடுப்புத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் என் முகத்தை இரும்பில் வெட்டியிருக்கிறார் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஊருக்கும் சந்தோஷமாக இருந்தது. எட்டு வருடத்தில் முதல்முறையாக ஆளத் தெரிந்த ஒரு முகம் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் பக்கத்து ரொட்டிக்கடை ஃபெலிகுலாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என்னைக் கண்டாலே காறித் துப்புகிறவள். அவள் அந்தக் காசில் ஓட்டை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு, காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டே கடலை வறுப்பேன். அவ்வளவு சுகமான காலைகள் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

காவல்படை முகாமில் அந்த முகத்தைப் பெரிதாக எழுதி மாட்டி, அதன் முன் நின்று வரிசை வரிசையாகச் சத்தியம் செய்துகொடுத்தார்களாம். உருவப்பலகை மட்டும் வரவேயில்லை. வண்டி பனியில் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

ஒரு மாதம் போனபின் விபுலேனஸே வந்துவிட்டார்.

வடக்கு வாசலில் ஊரே கூடியிருந்தது. நானும் போனேன், என்னைப் பார்க்க. முதலில் ஒரு குள்ள மனிதர் பெரிய குதிரையில் வந்தார். உருண்டை முகம், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தாடை, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. மூக்கு என்று சொல்ல ஒரு பொத்தான். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை. அவருக்குப் பின்னால் கொடி பிடித்து வந்தவனுக்கு நல்ல மூக்கு. கூட்டம் அவனைப் பார்த்து, "பேரரசர் வாழ்க!" என்று கத்திப் பூவை வீசியது. கொடிக்காரன் பயந்துபோய்க் கொடிக்குப் பின்னால் ஒளிந்தான். குள்ள மனிதரின் காது சிவந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் ஹெர்மெரோஸை அரண்மனைக்கு இழுத்துப் போனார்கள். நடந்ததை ஸ்தாக்கிஸ்தான் ஓடிவந்து சொன்னார்.

"யாரு மூஞ்சின்னு கேட்டாரு, தாயி. கற்பனையா வெட்டினேன்னு உன் வீட்டுக்காரன் சொன்னான். 'கற்பனை மூஞ்சியில எவனாவது மரு வெப்பானா?'ன்னு ராஜா கேட்டாரு. அதுக்கப்புறம் இவன் வாயே தொறக்கல."

"அதுக்கு?"

"காசுல எவன் மூஞ்சி இருக்கோ அவன்தான் ராஜான்னு ஊரு நெனைக்கும். அப்ப அந்த ஆளு உசுரோட இருக்கறது அவருக்கு ஆபத்துல்ல? மூணு நாள் கெடு. ஆள் யாருன்னு சொல்லணும். இல்லேன்னா நம்ம முற்றத்துலயே வெச்சு இவனோட வலது கைய வெட்டிடுவாங்க."

மூன்று நாளும் வீரர்கள் தெருத்தெருவாக வலப்பக்கம் மருவுள்ள மூக்குக்காரர்களைத் தேடினார்கள். அச்சில் வெட்டுவது காசில் திரும்பி விழும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெண்களை எவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. என்னிடம் கடலை வாங்கித் தின்றுகொண்டே என்னைத் தேடினார்கள்.

ஹெர்மெரோஸைப் பட்டறையிலேயே சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பார்த்தேன்.

"நான் போய்ச் சொல்லப் போறேன்," என்றேன்.

"கல்லிஸ்டே, வாய மூடிட்டு இரு. பொம்பள மூஞ்சியக் காசுல போட்டுட்டு ராஜா சுத்தறாருன்னு வெளிய தெரிஞ்சா உன்ன உசுரோட விடுவாங்களா? கை போனா இன்னொரு கை இருக்கு."

"இடது கையால நீ மூக்குகூடச் சிந்தினதில்லையேய்யா."

"கத்துக்கறேன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அந்தக் கை இரும்பை உளியால் தொடும்போது ஒரு சத்தம் வரும், அது இருபது வருடமாக என் காதில் இருக்கிறது. கை போனால் இந்த மனிதர் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை முற்றத்தில் வெட்டுக்கட்டை போட்டார்கள். பேரரசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கால் தரையைத் தொடவில்லை. சுற்றிலும் காவல்படை. வாசலில் நின்றவன் என் வாடிக்கைக்காரன், கடலை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான். நான் போகும்போது ஹெர்மெரோஸின் கை கட்டையின் மேல் இருந்தது. ஒருவன் கோடரியை ஓங்கிவிட்டான்.

யோசித்து ஒன்றும் செய்யவில்லை. கையில் கடலை துழாவும் கரண்டி இருந்தது. "கீழ போடுறா அத!" என்று கத்தினேன்.

கோடரிக்காரன் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. கோடரியை இறக்கிக் காலருகில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும் நிமிர்ந்தான், பிறகு வரிசை முழுக்க நிமிர்ந்தது. தலைவிரி கோலமாக, வியர்வையும் புகையுமாக நின்ற ஒரு கடலைக்காரிக்கு முன்னால் இருபது பேர் விறைத்து நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. தினம் தினம் எந்த முகத்தின் முன் சத்தியம் செய்தார்களோ, அந்த முகம் அதட்டியது, கால் தானாகச் சேர்ந்துகொண்டது.

பேரரசருக்கு மட்டும் புரிந்தது. மடியில் வைத்திருந்த காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாரும் வெளிய போங்க," என்றார். யாரும் அசையவில்லை.

"போங்கடா," என்றேன் நான். போனார்கள்.

முற்றத்தில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். ஹெர்மெரோஸ் கட்டையின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன்னக் கொன்னுட்டா?" என்றார் பேரரசர்.

"கொல்லுங்க, மகாராஜா. இதோ நிக்கிறேன். ஆனா காசு லட்சக்கணக்குல வெளிய போயிடுச்சு. அத்தனையையும் பொறுக்கிட்டு வந்து கொல்லணும். அதுக்கு இவரு கைய வெட்டி என்ன ஆகப்போவுது? இவரு பொண்டாட்டியத் தவிர வேற யாரையும் ஒழுங்காப் பாத்ததில்ல. அது ஒரு குத்தமா?"

அவர் கையிலிருந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இருபத்தாறு வருஷம் படையில இருந்தேன்," என்றார். "என் மூஞ்சியப் பாத்து ஒருத்தன்கூட இப்படி நிமிந்ததில்ல. நான் கத்தினா எவனாவது தும்முவான்." குரலில் கோபமே இல்லை. பாவமாக இருந்தது. "எப்படிம்மா பாக்கற அப்படி?"

"கூழ் ஆறினா இந்த மனுஷன அப்படித்தாங்க பாப்பேன்."

"எனக்குக் காட்டு."

அப்படியாக நான் ரோமப் பேரரசருக்கு முறைக்கக் கற்றுக்கொடுத்தேன். "ஆளப் பாக்காதீங்க, மகாராஜா. அவன் பின்னாடி அவன் செய்யாம விட்டு வெச்சிருக்கானே வேலை, அதப் பாருங்க," என்றேன். முயற்சி செய்தார். நான்கு நாள் வெளிக்குப் போகாதவர்போல் இருந்தது, அதையும் சொன்னேன். கட்டையில் சாய்ந்திருந்த ஹெர்மெரோஸ் சிரித்துவிட்டார். பேரரசரும் சிரித்தார், அதன்பின் திரும்ப முயன்றார். ஆறாவது தடவை எனக்கே முதுகில் சில்லென்றது.

கை தப்பியது. காசில் முகம் அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கு ஒரு நிபந்தனை, வெளியே வந்தால் கண்ணுக்குக் கீழே துணி கட்டிக்கொள்ள வேண்டும். பல்வலி என்று ஊருக்குச் சொன்னேன். அவரும் தாடியை வளர்த்தார், வளராத இடத்தில் ஒட்டினார். மூக்கோரத்தில் தினமும் மெழுகு மரு ஒன்று வைத்துக்கொண்டார் என்று அரண்மனைச் சவரக்காரன் சொன்னான். வலப்பக்கம், காசில் இருப்பதுபோல. வடக்கே போருக்குப் புறப்பட்டபோது ஊர் அவரைப் பார்த்து உண்மையாகவே கும்பிட்டது. என் கடையைக் கடந்தபோது குதிரையிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். நல்ல பார்வை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டே மாதம். வெயிலில் குதிரை மேல் போகையில் மெழுகு உருகி வழிந்ததாம். முன்வரிசையில் ஒருவன் சிரித்தானாம், அடுத்தவன் சிரித்தானாம். மாலைக்குள் கூடாரத்தில் வைத்து முடித்துவிட்டார்கள். செய்தி கேட்டு நான் அழுதேன். எட்டு வருடத்தில் எந்தப் பேரரசருக்காகவும் அழாதவள், இவருக்காக அழுதேன்.

புதியவரின் ஆணை பத்து நாளில் வந்தது. விபுலேனஸ் என்றொருவர் இருந்ததே இல்லையாம். சிலைகளை உடைக்க வேண்டும், பெயரைச் செதுக்கி எடுக்க வேண்டும், நாணயச்சாலையில் உள்ள அச்சுகளில் முகத்தைச் சிதைக்க வேண்டும். அச்சை வெட்டியவனே சிதைக்க வேண்டும் என்பதும் அங்கே வழக்கம்.

ஸ்தாக்கிஸ் என்னைக் கூப்பிட வந்தார். "காலையிலேர்ந்து உளிய வெச்சிட்டு உக்காந்திருக்கான், தாயி. மாட்டேங்கறான். அதிகாரி மதியத்துக்கு வர்றான். நீ வந்து சொல்லு."

பட்டறைக்குள் போனேன். பதினொரு அச்சுகள் வரிசையாக இருந்தன. பதினொன்றிலும் நான், குழிவாக, இடப்பக்கம் பார்த்துக்கொண்டு.

"வெட்டுய்யா," என்றேன்.

"முடியாது."

"மொதல்ல மூக்குலேர்ந்து ஆரம்பி. அது போயிட்டா மத்ததெல்லாம் சுலபம்."

"கைய வேணா வெட்டிக்கச் சொல்லு."

"அந்தக் கைக்காக நான் ராஜாவையே அதட்டிட்டு வந்திருக்கேன். வெட்டிக்கச் சொல்லுவியா நீ?"

கோடரிக்குக் கீழே அழாத மனிதர், தாடியெல்லாம் நனைய அழுதுகொண்டிருந்தார். நான் முகத்துணியை அவிழ்த்தேன். அவர் மடியிலிருந்து உளியை எடுத்து, முதல் அச்சின் நடுவில் வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டேன். இரும்பு சுலபத்தில் விடவில்லை. மூன்றாவது அடியில் மூக்கு போனது. பிறகு கண்ணும் வாயும் தாடியும் போயின. அடுத்த அச்சு. பதினொன்றையும் முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"பாரு," என்றேன். "நான் இங்கதான்யா இருக்கேன்."

அவர் எழுந்து வந்தார். அச்சைச் சரிபார்க்கும்போது செய்வதுபோல என் மூக்கின் மேட்டையும் சரிவையும் மருவையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பிடித்துக்கொண்டார், இரண்டு கையாலும்.